ஊரடங்கில் தனித்திருந்தவர்களோடு போனில் கதைத்த முறை

2020 மார்ச் 20 பின்னேரம் இலங்கையில் கொரோனா ஊரடங்கு தொடங்கியதும் எல்லாரும் ஓடியது அரிசி பருப்புக்கு. பிள்ளைகள் வெளிநாட்டில், தாய் தகப்பன் தனியே என்றிருக்கும் உவர்மலை, பாலையூற்று வீடுகளுக்குச் சாமான் எப்படியோ போனது. கதைக்க ஆள் போகவில்லை. அதற்காகத் திருகோணமலையில் செய்த போன் சுற்று இது.

அழைப்பவர் ஒருவருக்கு நாலு பேர், அதற்கு மேல் வேண்டாம். ஒவ்வொருவரோடும் கிழமையில் இரண்டு தரம், இருபது நிமிடம், ஒவ்வொரு கிழமையும் அதே நாட்கள், அதே நேரம். பாதி மருந்து அந்த நேரத்தில்தான் இருக்கிறது. செவ்வாய் நாலரைக்குப் போன் வரும் என்று தெரிந்தவர் நாலு மணிக்கே முகம் கழுவித் தேத்தண்ணி போட்டுவிடுவார். சொல்லாமல் ஒரு நாள் தவறினால் நடந்த நன்மையெல்லாம் போய்விடும். அதனால் பதில் ஆள் ஒருவர் வேண்டும். அவரும் முதற்கிழமையே ஒருதரம் கதைத்து, குரல் பழகியிருக்க வேண்டும்.

அதிகம் பிழைப்பது முதல் அழைப்பு. தெரியாத நம்பரை வயதானவர்கள் எடுக்கமாட்டார்கள். எடுத்தாலும் நிவாரணப் பதிவு என்று நினைத்து அடையாள அட்டை இலக்கம் சொல்லத் தொடங்குவார்கள். பக்கத்து வீட்டாரோ கோயில் ஐயரோ முதல்நாளே சொல்லிவைக்க வேண்டும்.

"சாப்பிட்டீங்களா?" என்றால் "ஓம்" என்பதோடு கதை முடிந்துவிடும். "இண்டைக்கு என்ன கறி?" என்று கேளுங்கள். மூன்று அழைப்பிலும் பாணும் சம்பலும் என்றால், ஒன்றில் சாமான் இல்லை, அல்லது அடுப்பு மூட்ட மனமில்லை. சாமான் இல்லையென்றால் கிராம உத்தியோகத்தருக்குச் சொல்லலாம். மனமில்லையென்றால் நித்திரை, குளிப்பு, கிளினிக் மருந்து மூன்றையும் விசாரியுங்கள். குளிசை அட்டையை எடுத்து எத்தனை மிச்சம் என்று எண்ணச் சொல்லுங்கள். மனநோய்க்கான மருந்து திடீரென்று நின்றால் ஆள் சில நாளில் குழம்பக்கூடும். ஒரு கிழமைக்கு இருக்கும்போதே ஒழுங்கு செய்ய வேண்டும். தொற்று எண்ணிக்கையை நீங்களாகச் சொல்லாதீர்கள், அப்போது ரீவியே போதுமான அளவு பயமுறுத்தியது.

"நான் இருந்தென்ன" என்ற சொல் வந்தால் ஆறுதல் சொல்லி மூடிவிடாதீர்கள். "சாகவேணும் எண்டு யோசிக்கிறீங்களோ?" என்று நேரே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வராது. ஓம் என்றால் லைனை வெட்டாமல், இன்னொரு போனில் பக்கத்து வீட்டாரை அங்கே போகச் சொல்லுங்கள். தேசிய மனநல நிறுவகத்தின் உதவி இலக்கமான 1926 இரவிலும் வேலை செய்யும்.

செத்தவீட்டுக்குப் போகமுடியாத துக்கம் தனி. எட்டாம் நாள் எட்டுச் செலவு, 31ஆம் நாள் அந்தியேட்டி ஆகிய சடங்குகளின் திகதிகளைக் கொப்பியில் குறித்து, அன்று மேலதிகமாக ஒருதரம் எடுத்து, இறந்தவரின் பெயரைச் சொல்லிக் கதையுங்கள். கிண்ணியா, மூதூர்ப் பக்கம், இறந்தவரை அடக்கம் செய்யும் முஸ்லிம்களிடம் இன்னொரு பயமும் இருந்தது: 2021 பெப்ரவரி வரை தொற்றில் இறந்தவரைக் கட்டாயமாக எரித்தார்கள். "என்ர மையத்தையும் (உடலையும்) எரிப்பினமோ" என்று அப்போது கேட்டவரிடம் அப்படி நடக்காது என்று பொய்ச் சத்தியம் பண்ணக்கூடாது. அந்தப் பயத்தை முழுதாகச் சொல்லவிட்டுக் கேட்க வேண்டும்.

ஊரடங்கு எடுத்த உடனே நிறுத்தவும் கூடாது. கிழமைக்கு ஒன்று, பிறகு இரண்டு கிழமைக்கு ஒன்று என்று குறைத்து, ஒவ்வொரு தரமும் அடுத்த திகதியைச் சொல்லி, கலண்டரில் எழுதிவைக்கச் சொல்லுங்கள்.