லீவுக்கு ஒரு வீடு

"தம்பி, இது உறுதிக் காணியோ பெர்மிட்டோ, ஒருக்காக் கேளுமன்."

இலங்கையில, வன்னியில பரந்தன் பக்கம் ஒரு வளவு பாக்கப் போனம். இப்பிடிக் கேட்டவர் கனடாவில இருந்து வந்த அண்ணை, பிள்ளையள் லீவுக்கு வந்து நிக்க ஒரு சின்ன வீடு கட்டோணுமாம். போனில வீட்டுப் பிளான் இருக்கு, ஆனா மனுசன் அதைத் திறக்கவேயில்லை, நேர கிணத்தடிக்குப் போய் ஒரு வாளி அள்ளி, கையில ஏந்திக் குடிச்சுப் பாத்திட்டு "உவரில்லையடா" எண்டு சிரிச்சார்.

அந்தச் சிரிப்பு இன்னும் கண்ணுக்குள்ள நிக்குது.

இந்த மண்ணில பிறந்தவர்தான். கையில கனடாப் பாஸ்போட் மட்டும் எண்டா சட்டத்துக்கு அவர் வெளிநாட்டவர். 2014ஆம் ஆண்டு 38ஆம் இலக்கச் சட்டத்தால வெளிநாட்டவர் இங்க காணி வாங்கேலாது, குத்தகைக்கு எடுக்கலாம், அதுவும் 99 வருசத்துக்கு மேல இல்லை. தாய் தேப்பன்ர முதுசம் வந்தா விலக்கு இருக்கு. இரட்டைக் குடியுரிமை இருந்தாலும் வாங்கலாம்.

அதைவிட வன்னியில கனக்கக் காணி, சொந்தப் பத்திரமான உறுதி இல்லாத பெர்மிட் காணி, 1935 காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்துக்குக் கீழ அரசாங்கம் குடுத்தது, நினைச்ச மாதிரி விக்க ஏலாது. இதொண்டும் சொல்லாம அட்வான்ஸ் வாங்கிற புரோக்கர்மாரை நினைச்சா வயிறு எரியுது.

வெளிநாட்டில இருக்கிற எங்கட சனம், தயவுசெய்து முதல்ல இரட்டைக் குடியுரிமைக்குப் போடுங்கோ. பிரதேச செயலகத்திலயும் காணிப் பதிவகத்திலயும் விசாரிச்சு, ஒரு நொத்தாரிசிட்டக் காட்டிப்போட்டுக் காசைக் குடுங்கோ.

வாங்கோ, வந்து கட்டுங்கோ. இஞ்ச பூட்டிக் கிடக்கிற வளவுகள் கனக்க இருக்கு.