உழவாரப்பணிக்கு வரும் பிள்ளைகளுக்கு நன்றி

7-ஆம் நூற்றாண்டில் திருநாவுக்கரசர் புல் செதுக்கும் கருவியான உழவாரத்தைக் கையில் ஏந்திக் கோயில் கோயிலாகச் சென்று புல்லும் முள்ளும் செதுக்கிய அதே தொண்டை, இன்று வார விடுமுறையில் பேருந்து ஏறி வந்து செய்கிற கல்லூரி மாணவர்களுக்கும் கணினி நிறுவன ஊழியர்களுக்கும் நன்றி சொல்லவே இதை எழுதுகிறேன். ஒருகால பூசைக்கே எண்ணெய் போதாத எங்கள் ஊர்ச் சிவன் கோயிலின் பிரகாரத்தில் நெருஞ்சி மண்டிக் கிடந்ததால், பிரதோஷத்துக்கு வருவோர்கூடச் சுற்றி வராமல் வாசலோடு திரும்பிக்கொண்டிருந்தார்கள்.

வந்த பிள்ளைகள் வேலையை அறிந்து செய்ததுதான் எனக்குப் பெரிய நிறைவு. பறவை எச்சத்தால் கருவறைக்கு மேலுள்ள விமானத்தின் இடுக்குகளில் முளைக்கும் ஆலும் அரசும் மேலோடு ஒடித்தால் மீண்டும் தழைத்துவிடும் என்பதால், சுதைப்பூச்சு பெயராதபடி வேர்வரை நிதானமாக எடுத்தார்கள். கல்வெட்டு உள்ள அதிட்டானத்தில் (கோயிலின் அடித்தளப் பகுதியில்) கம்பித் தூரிகை படவே கூடாது என்று குழுவை நடத்திய பெண் கண்டிப்பாகச் சொல்லி, தண்ணீரும் மென்மையான தூரிகையும் கொண்டே பாசியை அகற்றச் செய்தார். (எழுத்துகளின்மேல் சுண்ணாம்பும் பெயின்டும் பூசிய பெரியவர்களான நமக்கு இந்த அக்கறை இருந்ததில்லை.) பிசுக்கேறிக் கறுத்திருந்த விளக்குகளைப் புளியிட்டுத் துலக்கிய பிறகுதான், அவை பித்தளை என்பதே பலருக்குத் தெரிந்தது.

வழிச்செலவுக்குக்கூட அவர்கள் பணம் வாங்கவில்லை. மழைக்காலத்துக்கு முன் மதிலோரத் தூம்பை, அதாவது நீர் வடியும் வழியை, தூர்வார மீண்டும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்; அன்றைய சாப்பாட்டுப் பொறுப்பை எங்கள் தெருவினர் ஏற்றிருக்கிறோம்.