வார்கேம் (பலகையில் ஆடும் போர் விளையாட்டு) போட்டிக்குப் போகிறவர்களுக்கு: முன்வரிசை ஆட்டக்காரர்களிடம் நான் கற்றது

டெஃப்கான் (போர் அபாய அளவு; 1 ஆனால் அணு ஆயுதப் போர்) 2ல் நிற்கிறது. மூன்றாம் டர்னின் கடைசி ஆக்‌ஷன் ரவுண்டு. நான் சோவியத் பக்கம், 7 வெற்றிப் புள்ளி முன்னிலை. கையில் இரண்டே கார்டு: ஒன்று 'சிஐஏ கிரியேட்டட்', இன்னொன்று 'டக் அண்ட் கவர்'. எதை வைத்தாலும் அணு ஆயுதப் போர் வெடிக்கும். என் முறையில் வெடிப்பதால் தோற்பது நான்தான். எதிரே இருந்தவர் வயதில் மூத்தவர். என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டார். அவசரப்படுத்தாமல் காத்திருந்தார். நான் சிஐஏவை வைத்தேன். அவர் அங்கோலாவில் ஆட்சிக் கவிழ்ப்பு முயற்சி செய்தார், டெஃப்கான் 1 ஆனது, ஆட்டம் முடிந்தது.

அது ட்விலைட் ஸ்ட்ரகிள். அனந்தா குப்தா, ஜேசன் மாத்யூஸ் இருவரும் வடிவமைத்து, 2005ல் ஜிஎம்டி வெளியிட்ட பனிப்போர் விளையாட்டு. பலகை வார்கேம் போட்டிகளில் என் அனுபவம் பெரும்பாலும் இந்த ஒரு ஆட்டத்தில்தான். அதனால் உதாரணங்களும் இதிலிருந்தே வரும். ஆனால் சொல்லப்போகும் விஷயத்தை மற்ற ஆட்டங்களின் மேஜைகளிலும் பார்த்திருக்கிறேன்.

போட்டி என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அமெரிக்காவின் வேர்ல்ட் போர்டுகேமிங் சாம்பியன்ஷிப்ஸ்தான். அவலான் ஹில் நிறுவனம் 1991ல் அவலான்கான் என்ற பெயரில் தொடங்கியது. 1998ல் அந்த நிறுவனம் ஹாஸ்ப்ரோவுக்குக் கைமாறிய பிறகு, போர்டுகேம் பிளேயர்ஸ் அசோசியேஷன் எடுத்து நடத்துகிறது. 2016 முதல் பென்சில்வேனியா மலைகளில் உள்ள செவன் ஸ்பிரிங்ஸ் விடுதியில் நடக்கிறது. ஒரு வாரத்துக்கும் மேல், காலையிலிருந்து நள்ளிரவு தாண்டியும் ஆட்டம். ஜெயித்தவர்களுக்கு மரப்பலகையில் செய்த கேடயம். 1964ல் வந்த ஆஃப்ரிகா கோர்ப்ஸை இத்தனை வருடம் கழித்தும் சளைக்காமல் ஆடுகிறவர்களை அங்கே பார்க்கலாம். எனக்கு அந்தக் கூட்டத்தின் மேல் பெரிய மரியாதை உண்டு.

சரி, அந்தத் தோல்விக்கு வருகிறேன். ஆட்டம் முடிந்ததும் அவர் பலகையை மடிக்கவில்லை. "இந்த டர்ன் தொடங்கும்போது உங்கள் கையில் இருந்த எட்டு கார்டும் நினைவிருக்கிறதா?" என்று கேட்டார். ஆடிய கார்டுகளைத் தேடி எடுத்து எட்டையும் வரிசையாக வைத்தோம். அவர் கடைசிக் கார்டைத் தொடவே இல்லை. இரண்டாம் ஆக்‌ஷன் ரவுண்டில் நான் ஆடிய 'இண்டிபெண்டென்ட் ரெட்ஸ்' மேல் விரலை வைத்தார். "நீங்கள் தோற்றது இங்கே."

ஆட்டம் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் விளக்குகிறேன். உங்கள் கைக்கு எதிரியின் கார்டும் வரும். அதைப் புள்ளிகளுக்காக (நகர்வு செய்யக் கார்டில் போட்டிருக்கும் எண்) ஆடினால் எதிரிக்குச் சாதகமான நிகழ்வும் சேர்ந்தே நடக்கும். தப்பிக்க ஒரு வழி விண்வெளிப் போட்டி: அங்கே அனுப்பிய கார்டின் நிகழ்வு நடக்காது. ஆனால் பொதுவாக ஒரு டர்னுக்கு ஒரு கார்டுதான் அனுப்பலாம், அதுவும் 2 புள்ளியாவது உள்ள கார்டாக இருக்க வேண்டும். என்னிடம் அமெரிக்கக் கார்டுகள் மூன்று இருந்தன. இண்டிபெண்டென்ட் ரெட்ஸ் 2 புள்ளி. கிழக்கு ஐரோப்பாவில் ஒரே ஒரு நாட்டில் அமெரிக்காவுக்குக் கொஞ்சம் செல்வாக்கு கிடைக்கும், பெரிய ஆபத்து இல்லை. டக் அண்ட் கவர் 3 புள்ளி. டெஃப்கானை ஒரு படி இறக்கிவிடும். சிஐஏ 1 புள்ளி. என் கையைக் காட்டச் சொல்லி, அமெரிக்காவுக்கு ஒரு புள்ளி ஆட்டம் இலவசமாகக் கொடுக்கும். நான் என்ன செய்தேன்? முதல் ரவுண்டில் வழக்கம்போலக் கவிழ்ப்பு செய்து டெஃப்கானை 2க்கு இறக்கினேன். அடுத்ததாக, கையில் இருந்ததிலேயே ஆபத்து குறைந்த கார்டை விண்வெளிக்கு அனுப்பினேன். மற்ற இரண்டையும் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளித் தள்ளி வைத்தேன். கைகொடுத்திருக்கக்கூடிய, எட்டில் சேராத தனிக் கார்டான சைனா கார்டையும் முந்தைய டர்னிலேயே ஆடிவிட்டேன்.

அவர் அதே எட்டு கார்டை வேறு வரிசையில் அடுக்கிக் காட்டினார். முதல் ரவுண்டிலேயே, டெஃப்கான் இன்னும் 3ல் இருக்கும்போதே, சிஐஏ. அமெரிக்கா அங்கோலாவைக் கவிழ்க்கும், டெஃப்கான் 2 ஆகும், என் கவிழ்ப்பு வாய்ப்பும் போகும். நஷ்டம்தான். ஆனால் ஆட்டம் தொடரும். பிறகு டக் அண்ட் கவர் விண்வெளிக்கு. இண்டிபெண்டென்ட் ரெட்ஸைப் புள்ளிகளுக்கு ஆடி, அந்தச் சின்ன நஷ்டத்தை ஏற்றுக்கொள்வது. மீதி ஐந்து கார்டில் ஒன்று, டர்ன் தொடக்கத்தில் இருவரும் வைக்கும் ஹெட்லைன் கார்டாகப் போயிருக்கும், மூன்றை என் இஷ்டத்துக்கு ஆடலாம், ஒன்று அடுத்த டர்னுக்கு. இதையெல்லாம் அடுக்கிக் காட்ட அவருக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

அன்றிலிருந்து மற்றவர்களின் கைகளைக் கவனிக்க ஆரம்பித்தேன். கார்டு வந்ததும் முன்வரிசை ஆட்டக்காரர் முதலில் தேடுவது தன்னைக் கொல்லக்கூடிய கார்டை. அதற்கு ஒரு இடம் ஒதுக்குவார். அப்புறம்தான் நல்ல கார்டுகளைப் பார்ப்பார். என்னைப் போன்ற நடுத்தர ஆட்டக்காரர்கள் நல்ல கார்டை முதலில் பார்க்கிறோம், ஒரு அழகான திட்டம் போடுகிறோம், கெட்ட கார்டுகள் டர்னின் கடைசியில் குவிந்துவிடுகின்றன. கடைசி ரவுண்டில் எவ்வளவு யோசித்தாலும் அந்தக் குவியலிலிருந்து வெளியே வர முடியாது. பெரிய ஆட்டக்காரர்கள் ஏதோ அபாரமான நகர்வு செய்து ஜெயிக்கிறார்கள் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். உண்மையில் அவர்கள் ஆட்டத்தில் கண்ணைப் பறிக்கும் நகர்வு அபூர்வம். எது கெட்டுப்போனாலும் மீண்டு வருகிற மாதிரி வரிசையை முன்கூட்டியே அமைத்து வைத்திருப்பார்கள்.

பகடை விஷயத்திலும் இதுதான். "எனக்குப் பகடை சரியில்லை" என்பது போட்டிக் கூடத்தில் அதிகம் காதில் விழுகிற வாக்கியம். ஒரு தாக்குதல் ஆறில் ஐந்து பங்கு வெல்லும் என்றால் அது உறுதி போலத்தான் தோன்றும். ஆனால் உங்கள் திட்டத்துக்கு அப்படி மூன்று தாக்குதலும் வென்றே ஆக வேண்டும் என்றால்? 216க்கு 125, அதாவது சுமார் 58 சதவீதம். கிட்டத்தட்டப் பூவா தலையா. அறுகோணக் கட்டம் போட்ட பழைய ஆட்டங்களில் இதில்தான் பலர் விழுகிறார்கள். ஒவ்வொரு தாக்குதலையும் தனியாகப் பார்த்தால் நன்றாக இருக்கும். மொத்தமாகப் பார்த்தால் பாதி ஆட்டத்தைப் பணயம் வைத்திருப்பார்கள். மேலே இருப்பவர்கள் இரண்டு வென்றாலே நிற்கிற திட்டம் போடுகிறார்கள். எந்தத் தாக்குதலின் முடிவைப் பார்த்து மற்றதை மாற்ற வேண்டியிருக்குமோ, விதி அனுமதித்தால் அதை முதலில் உருட்டுகிறார்கள்.

ஈரானை எடுத்துக்கொள்ளுங்கள். சோவியத்தின் முதல் நகர்வாகப் பலரும் அங்கேதான் கவிழ்ப்பு செய்வார்கள். பகடை எண்ணோடு கார்டின் புள்ளியைக் கூட்டி, நாட்டின் நிலைத்தன்மையின் இரு மடங்கைக் கழிக்க வேண்டும். ஈரானின் நிலைத்தன்மை 2, அங்கே அமெரிக்காவுக்கு 1 செல்வாக்கு. 4 புள்ளிக் கார்டு வைத்தால் பகடை 1 விழுந்தாலும் அமெரிக்கா ஈரானிலிருந்து வெளியேறும். 3 அல்லது அதற்கு மேல் விழுந்தால் ஈரான் சோவியத் கட்டுப்பாட்டில். 3 புள்ளிக் கார்டு என்றால் ஆறில் ஒரு முறை எதுவுமே நடக்காது. கட்டுப்பாடு கிடைக்க 4 விழ வேண்டும். ஒரு புள்ளி வித்தியாசம்தானே என்று நான் ஆடியிருக்கிறேன். அந்த ஒரு புள்ளி, முழுத் தோல்வி என்ற வாய்ப்பையே நீக்கிவிடுகிறது. கவிழ்ப்பு நடந்ததும் டெஃப்கான் 4 ஆகும், ஐரோப்பாவில் இனி யாரும் கவிழ்ப்பு செய்ய முடியாது; ஆகவே இத்தாலிக்கு எந்தப் பக்கமிருந்தும் அந்த ஆபத்து இல்லை. ஒரு நகர்வுக்குள் இத்தனை இருக்கிறது. இதை மேஜையில் உட்கார்ந்து கணக்குப் போடக் கூடாது. வீட்டிலேயே போட்டு, நாக்கு நுனியில் வைத்திருக்க வேண்டும்.

ஞாபகசக்தி பற்றி நிறைய பேர் கேட்கிறார்கள். நூற்றுப் பத்து கார்டையும் மனப்பாடம் செய்ய வேண்டுமா? உரையும் புள்ளியும் ஆடி ஆடித் தானாக வந்துவிடும். கவனமாக நினைவில் வைக்க வேண்டியது கொஞ்சம்தான்: ஒரு பகுதிக்கான வெற்றிப் புள்ளியைக் கணக்கிட வைக்கும் ஸ்கோரிங் கார்டுகளும், உங்களைக் கொல்லும் கார்டுகளும். தொடக்கக் கட்டுக்கு ஐரோப்பா, ஆசியா, மத்திய கிழக்கு என மூன்றே ஸ்கோரிங் கார்டு. முதல் டர்னில் ஆசியா ஸ்கோரிங் போய்விட்டதென்றால், கட்டு மறுபடி கலைக்கப்படும் வரை அது திரும்பாது. அது பொதுவாக மூன்றாம் டர்னில் நடக்கும். அதுவரை ஆசியாவில் ஒரு புள்ளி போடுவதற்கும் வேறு இடத்தில் போடுவதற்கும் உள்ள மதிப்பே மாறிவிடுகிறது. இரண்டு டர்ன் முடிந்தும் மத்திய கிழக்கு ஸ்கோரிங் வெளியே வரவில்லையா? அப்போது எதிரி அந்தப் பகுதியில் திடீரென்று செலவு செய்தால் அவர் கையில் என்ன இருக்கிறது என்று ஊகிக்கலாம்.

விதிகளைப் பற்றி ஒரு வார்த்தை. அட்வான்ஸ்டு ஸ்குவாட் லீடர் மாதிரி நூற்றுக்கணக்கான பக்க விதிநூல் உள்ள ஆட்டங்களில்கூட, நல்ல ஆட்டக்காரர்கள் விதிநூலைத் திறக்கத் தயங்குவதில்லை. எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று தெரிந்துவைத்திருப்பார்கள், பத்து வினாடியில் காட்டிவிடுவார்கள். எதிரி தவறாகப் புரிந்துகொண்டு தனக்கு நஷ்டமாக ஆடினால் சொல்லித் திருத்துகிறவர்களையும் நிறைய பார்த்தேன். அது என் மனதில் ஆழமாகப் பதிந்தது.

நேரம் இன்னொன்று. ஒவ்வொரு சுற்றுக்கும் நேர வரம்பு உண்டு; தாண்டினால் ஆட்டத்தை நடத்துபவர் பலகையைப் பார்த்து முடிவு சொல்லிவிடலாம். முன்வரிசை ஆட்டக்காரர்கள் எல்லா நகர்வுக்கும் ஒரே அளவு யோசிப்பதில்லை. டர்ன் தொடக்கத்தில் கையை அடுக்கும்போது நீண்ட நேரம் எடுக்கிறார்கள், பிறகு சடசடவென்று ஆடுகிறார்கள். என் பழக்கம் நேர் எதிராக இருந்தது. அதை மாற்றியதில் மட்டுமே ஒரு ஆட்டத்துக்கு முக்கால் மணி நேரம் மிச்சமானது. மாலைச் சுற்றில் தலை தெளிவாக இருக்க அந்த முக்கால் மணி நேரம் வேண்டும். ராத்திரி ஒரு மணி வரை வேறு ஆட்டம் ஆடிவிட்டுக் காலை ஒன்பது மணிச் சுற்றுக்கு வராதீர்கள். ஆசையாகத்தான் இருக்கும்.

நான் தயாரான விதம் இது. ட்விலைட் ஸ்ட்ரகிளுக்குக் கணினிப் பதிப்பு இருக்கிறது. மற்ற பல ஆட்டங்களைக் கணினியில் ஆட வாசல் (Vassal) என்ற இலவச மென்பொருள். வாரத்துக்கு ஐந்து ஆட்டம் ஆடுவதை நிறுத்தி இரண்டாகக் குறைத்தேன். ஒவ்வொரு டர்ன் தொடக்கத்திலும் என் கார்டுகளையும், அவற்றை ஆட நினைத்த வரிசையையும் ஒரு நோட்டில் எழுதினேன். டர்ன் முடிந்ததும் உண்மையில் ஆடிய வரிசையைப் பக்கத்தில் எழுதினேன். இரண்டும் எங்கே பிரிந்தது, எதிரி செய்த எதனால் பிரிந்தது, அல்லது எனக்கு ஆசை வந்ததனால் மட்டும் பிரிந்ததா என்று பார்த்தேன். முதல் மாதம் பாதிக்கு மேல் ஆசைதான். தனியாகவும் பயிற்சி செய்யலாம்: கட்டிலிருந்து எட்டு கார்டு எடுத்து, டெஃப்கானை 3ல் வைத்து, எதை எப்போது ஆடுவேன் என்று அடுக்கிப் பார்ப்பது. பத்து நிமிட வேலை. பஸ்ஸில் போகும்போதுகூடச் செய்திருக்கிறேன்.

யார் எந்தப் பக்கம் ஆடுவது என்று பேரம் பேசும் முறையையும் முன்பே பழகிக்கொள்ளுங்கள். சோவியத் பக்கம் கொஞ்சம் வலுவானது என்பது அனுபவசாலிகளின் பொதுக்கருத்து; அதை ஈடுகட்ட அமெரிக்காவுக்குக் கூடுதல் செல்வாக்குக் கொடுத்து ஆடுவது வழக்கம். எவ்வளவு கொடுத்தால் எந்தப் பக்கம் எடுப்பேன், அந்தக் கூடுதலை எங்கே வைப்பேன் என்பது மேஜைக்கு வரும் முன்பே முடிவாகியிருக்க வேண்டும்.

தோற்றால் உடனே எழுந்து போகாதீர்கள். "எந்த இடத்தில் எனக்கு ஆட்டம் போனது?" என்று எதிராளியைக் கேளுங்கள். நான் கேட்ட யாரும் மறுத்ததில்லை. அடுத்த வருடம் மூன்றாம் டர்னில் மறுபடி சிஐஏ என் கைக்கு வந்தது, அங்கோலாவிலும் என் செல்வாக்கு இருந்தது. முதல் ரவுண்டிலேயே அதை வைத்தேன். அங்கோலா போனது. பத்தாம் டர்ன் வரை ஆடி 3 புள்ளி வித்தியாசத்தில் ஜெயித்தேன்.