மீதி சார்

இவ்வாண்டு மலருக்கு ஏதாவது எழுதித் தருமாறு நம் முன்னாள் மாணவர் சங்கச் செயலாளர் கேட்டபோது, வழக்கம்போல வேலையைக் காரணம் சொல்லித் தப்பிவிடத்தான் நினைத்திருந்தேன். மார்கழியில் நம் கணித ஆசிரியர் மீதி சார் காலமான செய்தி பெருமாள்புரத்திலிருந்து வந்த பிறகு அதற்கு மனம் ஒப்பவில்லை. அவருடைய இயற்பெயரை எழுதினால் நம்மில் பாதிப் பேருக்கு யாரென்று விளங்காது என்பதால் பட்டப்பெயரே இருக்கட்டும். எந்தக் கணக்கைப் போட்டு முடித்தாலும், விடையைச் சமன்பாட்டில் திரும்ப வைத்துப் பார்த்து, இரு பக்கத்துக்கும் உள்ள வித்தியாசத்தைச் சொல்லும்வரை அவர் யாரையும் உட்கார விட்டதில்லை. "மீதி எவ்வளவுடே?" என்ற அந்தக் குரல் மாடிப்படி வரைக்கும் கேட்கும்.

நான் சொல்ல வந்தது 1989-இல், இறுதியாண்டில், மதியச் சாப்பாட்டுக்குப் பிந்திய முதல் மணியில் நடந்தது. மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் வருவதற்கு ஓராண்டு முன்பு; நமக்கெல்லாம் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் பாடத்திட்டம்தான். நியூமெரிக்கல் மெத்தட்ஸ் வகுப்பில் சார் இரண்டே இரண்டு சமன்பாடுகளைக் கரும்பலகையில் எழுதினார்.

0.780 எக்ஸ் + 0.563 ஒய் = 0.217
0.913 எக்ஸ் + 0.659 ஒய் = 0.254

காஸ் நீக்கல் முறையில் போட வேண்டும், ஒவ்வொரு படியிலும் மூன்று தசமத் தானத்தோடு வெட்டிவிட வேண்டும் என்பது கட்டளை. நான்தான் முதலில் கை தூக்கினேன். எக்ஸ் -0.443, ஒய் 1.000 என்று விடை வந்திருந்தது. அவர் கேட்பதற்கு முன்பே திரும்ப வைத்துப் பெருக்கிக் கூட்டி, மூன்று தானத்தில் வெட்டியும் பார்த்திருந்தேன்: 0.217, 0.254. அச்சடித்ததுபோல அப்படியே வந்தன. "சரிபார்த்துட்டேன் சார், மீதி சைபர்" என்று நான் சொன்னபோது என் குரலில் இருந்த திமிரை இன்றைக்கு நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது.

அவர் என்னைப் பலகைக்கு அழைத்து, சுண்ணாம்புக் கட்டியைக் கையில் கொடுத்து, எக்ஸுக்கு ஒன்று, ஒய்க்கு மைனஸ் ஒன்று என்று போட்டுப் பார்க்கச் சொன்னார். 0.780-இல் 0.563 போனால் 0.217. 0.913-இல் 0.659 போனால் 0.254. ஐந்தாம் வகுப்புப் பிள்ளை போடும் கழித்தல். ஒரு இலக்கம்கூடப் பிசகாத அசல் விடை அது. கடைசி பெஞ்சில் இருந்தவர்கள் வாயாலேயே கழித்துவிட்டுச் சிரிக்கத் தொடங்கினார்கள். நான் பலகையைப் பார்த்தபடியே நின்றேன். திரும்பினால் முகத்தைக் காட்ட வேண்டியிருக்குமே.

"எதுல சரிபார்த்த?" என்று கேட்டுவிட்டு, நான் விழிப்பதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "நீ போட்டது தப்பு விடை இல்லடே. பக்கத்து வீட்டுக் கணக்குக்குச் சரியான விடை" என்றார். அன்று முதல் படிப்பு முடியும்வரை என் பெயர் 'பக்கத்து வீடு'. முருகன்குறிச்சி பஸ் நிறுத்தத்தில்கூட அப்படித்தான் கூப்பிட்டார்கள். இந்த மலரைப் படிக்கும் இரண்டு மூன்று பேருக்கு இப்போது சிரிப்பு வந்திருக்கும்.

ஆண்டெல்லாம் மீதியைப் பார், மீதியைப் பார் என்று அடித்துச் சொன்ன மனிதர், மீதி சுழியாக இருந்தும் விடை எங்கோ கிடக்கிற கணக்கை ஒருநாள் எங்கள் முன்னே வைத்தது என்ன நியாயம் என்று வெகுநாள் புழுங்கினேன். அந்தச் சமன்பாடுகளை வரைந்தால் வரும் இரண்டு கோடுகளும் ஏறத்தாழ ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடப்பவை. கோடுகள் இணையாகிவிட்டால் சுழியாகிவிடும் அணிக்கோவையின் மதிப்பு வெறும் 0.000001. கடைசித் தானத்தில் ஒரு சிறு வெட்டு விழுந்தாலே கோடுகள் சந்திக்கும் புள்ளி எங்கோ ஓடிவிடும். இங்கிலாந்தில் தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் பணியாற்றி, 1970-இல் கணினித் துறையின் டூரிங் விருது பெற்ற வில்கின்சனின் பின்னோக்குப் பிழைப் பகுப்பாய்வை ஆராய்ச்சி மாணவனாக நான் படித்தபோது, கணினி தரும் விடையை, கொடுத்த கணக்குக்கு மிக நெருங்கிய இன்னொரு கணக்கின் துல்லியமான விடையாகப் பார்க்க வேண்டும் என்ற வரியில் வந்து நின்றேன். பக்கத்து வீடு. அதைப் பாளையங்கோட்டைத் தமிழில் ஏற்கெனவே கேட்டவன் அந்த நூலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருந்திருப்பேன்.

அந்தக் காலத்தில் கணிதம் படித்தவனுக்கு பி.எட். அல்லது வங்கித் தேர்வு என்ற இரண்டு வழிகள்தான் நம் கண்ணுக்குத் தெரிந்தன. கொஞ்சம் துணிந்தவர்கள் எம்.சி.ஏ. பக்கம் போனார்கள். நான் வந்து சேர்ந்த வேலைக்கு ஊரில் இன்னும் பெயர் கிடையாது. பாலமோ விமான இறக்கையோ, எதைக் கணினியில் வடித்தாலும் பெரும்பாலும் அது லட்சக்கணக்கான சமன்பாடுகளில் வந்து நிற்கும். அவற்றைத் தீர்க்கும் நிரல்கள் எந்த இடத்தில் ஏமாறும் என்று தேடுவது என் பிழைப்பு. அதாவது, சார் அன்று எனக்குச் செய்ததை நான் நிரல்களுக்குச் செய்கிறேன். பைத்தானில் ஒரே வரியில் சமன்பாட்டைத் தீர்த்துவிடும் இன்றைய பிள்ளைகளுக்கு, அந்த வரிக்கு அடியில் உழைப்பது 1992-இல் வெளிவந்த லாபேக் என்னும் நிரல் தொகுப்பு என்பதும், அது ஃபோர்ட்ரான் என்ற பழைய கணினி மொழியில் எழுதப்பட்டது என்பதும் சொன்னால் நம்ப முடிவதில்லை. பாளையங்கோட்டையைத் தென்னிந்தியாவின் ஆக்ஸ்போர்டு என்று சொல்லிச் சொல்லி வளர்ந்த நான், அசல் ஆக்ஸ்போர்டுக்குக் குடிவந்து இருபது ஆண்டுகளுக்கு மேலாகிறது. இவ்வூரை வடக்குப் பாளையங்கோட்டை என்று யாரும் சொல்லி இதுவரை கேட்டதில்லை.

2014-இல் ஊருக்குப் போயிருந்தபோது மடிக்கணினியோடு சார் வீட்டுக்குப் போனேன். பழிவாங்கும் எண்ணம் துளியும் இல்லை என்று சொன்னால் அது பொய். அதே இரண்டு சமன்பாடுகளைத் தட்டி, அவற்றின் நிலை எண்ணை, அதாவது கொடுத்த எண்களில் உள்ள சிறு பிழை விடையில் எத்தனை மடங்கு வரை பெருகலாம் என்பதைக் கணக்கிட்டுக் காட்டினேன். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுத் திரையருகே குனிந்தார்.

"இருபத்திரண்டு லட்சமா?"

"ஏறத்தாழ, சார்."

"அப்போ ஆறு இலக்கம் போச்சு. ஒம் மிஷினு எத்தனை இலக்கம் வச்சிருக்கும்?"

"பதினாறு கிட்ட வரும், சார்."

"பத்து மீதி" என்று சொல்லிவிட்டு, சின்னப் பிள்ளைபோலச் சிரித்தார். நான் ஆராய்ச்சிப் பட்டம் வாங்கிக் கற்றுக்கொண்ட கணக்கை அவர் நாற்காலியில் சாய்ந்தபடி விரல்விட்டு முடித்துவிட்டார்.

பிறகு வாசற்படி வரை வந்தவர், கதவைப் பிடித்துக்கொண்டு, "இதை நம்ம பயலுவளுக்கு ஒரு பத்து நாள் வந்து சொல்லிக் குடுக்கலாம்லா? நான் பிரின்சிபால்ட்ட பேசுதேன்" என்றார். அந்த ஆண்டு விடுமுறை குறைவு, அடுத்த ஆண்டு மகளுக்குத் தேர்வு, அதற்கடுத்து வேறேதோ வரும் என்பதெல்லாம் மனத்துக்குள் ஓடியது. "பாக்கலாம் சார்" என்றேன்.

நம் ஊரில் 'பாக்கலாம்' என்றால் என்ன என்பது அவருக்குத் தெரியாதா? "சரிடே" என்று சொல்லி, ஆட்டோக்காரர் கூடக் கேட்டால் கொடுக்காதே, ஜங்ஷனுக்கு இவ்வளவுதான் என்று தொகையையும் சொல்லி அனுப்பினார்.