அட்வான்ஸ் காசும் ஒரு போனும்

செப்டெம்பர் 14, 2025, ஞாயிறு

ஞாயிற்றுக்கிழமை தேயிலைத் தோட்டத்துச் சனமெல்லாம் ஹட்டன் டவுனுக்கு இறங்கிவிடும். எங்கள் போன் கடையில் நிற்க இடமிருக்காது. கெம்பஸோ கல்வியியற் கல்லூரியோ கிடைத்த பிள்ளை முன்னால் நிற்கும், அம்மாவோ மாமாவோ பின்னால் நிற்பார்கள். பிள்ளையின் கண் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும். பெரியவர் என் முகத்தைப் பார்த்துக் கேட்பார்: "தம்பி, படிக்கிற புள்ளைக்கு இது கட்டாயம் வேணுமா?"

முதலாளி பக்கத்தில் இருந்தால் பதில் உடனே வந்துவிடும். அவர் தேத்தண்ணி குடிக்கப் போயிருந்தால் கொஞ்சம் யோசித்துச் சொல்வேன்.

இப்போது அதே கேள்வி எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டது. தங்கச்சி பேராதனைப் பல்கலைக்கழகத்தில் கலைப்பீடம், முதலாம் வருடம். கையில் இருப்பது நான் பாவித்துக் கொடுத்த 2018ஆம் ஆண்டு போன். ரெம் 2 ஜிபி, மெமரி 32 ஜிபி. வாட்ஸ்அப் குறூப்பில் வருகிற பீ.டி.எஃப்.களிலேயே அது நிரம்பிவிடுகிறது. ஒன்றை அழித்தால்தான் இன்னொன்று இறங்கும். வங்கி ஆப் திறக்கவே திறக்காது. அம்மா தோட்டத்தில் தருகிற தீபாவளி அட்வான்ஸில் புதுப் போன் எடுத்துக் கொடுப்பதென்று முடிவு பண்ணிவிட்டார். "போன வாங்கிக் குடுத்தா அப்புறம் படிச்ச மாதிரிதான்" என்று அப்பா ஒரு பக்கம். முடிவு வரும்வரை இங்கே எழுதி வைக்கிறேன்.

செப்டெம்பர் 17, புதன்

இன்று மழை, கடையில் ஆள் இல்லை. பில் புத்தகத்தின் பின்னால் கணக்குப் போட்டேன்.

நான் மனதில் வைத்திருக்கும் போன் 38,900 ரூபா. அம்மாவின் நாட்சம்பளம் 1,350. அது 2021 மார்ச்சில் 1,000 ஆனது, 2024 செப்டெம்பரில் 1,350 ஆனது. அதில் சேமலாப நிதிக்கு நூற்றுக்கு எட்டு வெட்டினால் மிச்சம் 1,242. ஒரு நாள் வேலையைப் பேர் என்போம். ஆக, அந்தப் போனுக்கு முப்பத்தொரு பேருக்கும் கொஞ்சம் மேலே போட வேண்டும். மாதத்துக்கு இருபது, இருபத்திரண்டு நாள்தான் வேலை. கொழுந்து நிறை குறைகிற நாளில் அரைப்பேர். சங்கச் சந்தா, கோயில் காசு என்று வெட்டுகள் வேறு. அப்படிப் பார்த்தால் ஒன்றரை மாத உழைப்புக்கும் மேலே போகிறது. அந்த ஒன்றரை மாதம் வீட்டில் யாரும் சாப்பிடாமல் இருந்தால்தான் கணக்கு சரி.

2022க்கு முந்தி இந்த ரகம் எங்கள் கடையில் இருபதாயிரத்தைச் சுற்றித்தான் போனது. அந்த வருடம் டொலர் 200இலிருந்து 360 வரை ஏறியது. 2024 ஜனவரி முதல் போனுக்கும் 18 சதவீத வற் வரி வந்தது. கடைக்காரன் ஏமாற்றுகிறான் என்று கோபப்படுகிறவர்களுக்கு இதைத்தான் சொல்வேன். கேட்டுவிட்டு, "அப்ப கொழுந்து விலையும் டொலர்லதானே தம்பி போகுது" என்றார் ஒரு பெரியம்மா. அதற்கு என்னிடம் பதில் இல்லை.

செப்டெம்பர் 23, செவ்வாய்

தங்கச்சி வந்திருக்கிறாள். இரவு சாப்பாட்டில் அப்பாவுக்கும் அவளுக்கும் வாக்குவாதம்.

"லைப்ரரி இருக்கு, புத்தகம் இருக்கு. போன்ல என்னத்த படிக்கிற?" என்றார் அப்பா.

அவள் கோபப்படாமல் ஒவ்வொன்றாகச் சொன்னாள். நாளைக் காலை விரிவுரை இல்லையென்றால் அது இரவு பத்து மணிக்கு வாட்ஸ்அப்பில்தான் வரும். அதைப் பார்க்காதவள் மழையில் நனைந்துகொண்டு மண்டபத்துக்குப் போய்த் திரும்புவாள். பாடக்குறிப்பு எல்.எம்.எஸ். என்கிற கெம்பஸின் இணையத்தளத்தில். ஒப்படை கொடுப்பதும் அதிலேயே, இரவு 12 மணிக்குள். விடுதி அறிவித்தல் பலகையில் சிங்களத்தில் மட்டும் ஒட்டியிருப்பதைப் படம் பிடித்துத் தமிழாக்கிப் பார்க்கிறாள். ஆங்கிலப் புத்தகத்தில் ஒரு பக்கம் வாசிக்க பத்துச் சொல்லாவது தேட வேண்டியிருக்கிறதாம். கொழும்பில் ஆங்கில மீடியத்தில் படித்த பிள்ளைக்கு அந்தத் தேவை இல்லை. எங்கள் தோட்டப் பாடசாலையில் படித்தவளுக்கு அந்த அகராதி இல்லாமல் முதல் வருடம் நகராது. இதைக் கேட்டதும் அப்பா கொஞ்சம் இறங்கி வந்தார்.

அவள் சொன்ன இன்னொரு விஷயம் கடையிலும் அடிக்கடி பார்ப்பது. சில பழைய குறிப்புகள் பாமினி எழுத்துருவில் அடித்த வேர்ட் கோப்புகள். பாமினியில் தமிழ் எழுத்துகளை ஆங்கில எழுத்துகளின் இடத்தில் உட்கார வைத்திருக்கிறார்கள். எழுத்துரு இல்லாத போனில் திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த குப்பைதான் தெரியும். பிள்ளைகள் போன் பழுது என்று கொண்டுவந்து தருவார்கள். யுனிகோடுக்கு மாற்றிக் கொடுத்தால் போதும். புதுப் போன் வாங்கினாலும் இது தீராது. அதையும் அவளிடம் சொன்னேன்.

அப்பாவுக்கு ஒன்றை ஞாபகப்படுத்தினேன். 2020 மார்ச்சில் பள்ளிக்கூடம் பூட்டியபோது எங்கள் லயத்து, அதாவது தோட்டத்து வரிசை வீடுகளின், பிள்ளைகள் அவருடைய ஒரே போனைச் சுற்றித்தான் உட்கார்ந்திருந்தார்கள். ஆசிரியர் அனுப்பிய பயிற்சித் தாளை ஒருவர் பார்த்துச் சொல்ல மற்றவர்கள் எழுதினார்கள். பல்கலைக்கழகங்களுக்கு அவற்றை இணைக்கிற லேர்ன் வலையமைப்பு வழியாக சூம் வகுப்புக்கு டேட்டா இலவசமாகக் கிடைத்த நேரம் அது. பள்ளிப் பிள்ளைகளுக்கு ரீலோட் காசை வீட்டில்தான் தேட வேண்டியிருந்தது. அந்தக் கூட்டத்தில் இருந்தவள்தான் இன்று பேராதனையில் இருக்கிறாள். அப்பா ஒன்றும் பேசவில்லை, இன்னொரு ரொட்டி கேட்டார்.

ஒக்டோபர் 1, புதன்

கடையில் ஆயுத பூசை. சோல்டரிங் அயன், ஸ்க்ரூ டிரைவர், ஹொட் எயார் மெஷின் எல்லாவற்றுக்கும் சந்தனப் பொட்டு. ரிப்பேருக்கு வந்த போன்களுக்கும் வைத்துவிட்டார் முதலாளி. ஒன்றின் கெமரா மேலேயே வைத்திருந்தார். துடைக்க எனக்குக் கால் மணி நேரம் போனது.

ஒக்டோபர் 5, ஞாயிறு

பொகவந்தலாவைப் பக்கத்திலிருந்து ஒரு அம்மாவும் மகனும். மகன் உயர்கல்வி நிறுவனமொன்றில் கணக்கியல் டிப்ளோமா படிக்கிறான். அவனுக்கு செகண்ட் ஹேண்ட் ஐபோன்தான் வேண்டும், கூட்டாளிமார் எல்லோரிடமும் இருக்கிறதாம். வேறொரு கடையில் தவணைக்குத் தருவதாகச் சொல்லி எழுதிக் கொடுத்த துண்டையும் கொண்டுவந்திருந்தார்கள். கையில் 10,000, பிறகு ஆறு மாதம் 6,500 படி.

கூட்டிக் காட்டினேன். மொத்தம் 49,000. அதே போனுக்குக் கைக்காசு விலை 38,900 என்று அதே துண்டில் மேலே எழுதியிருக்கிறது. 10,100 ரூபா கூட. "அம்மா, எட்டு நாள் கொழுந்து சும்மா போகுது" என்றதும் அவருக்கு விளங்கியது. மகனுக்கு என்மேல் கோபம்.

அவன் கையிலிருந்த, அந்தக் கடைப் போனின் படத்தில் ஐ.எம்.ஈ.ஐ. எண் தெரிந்தது. அது ஒவ்வொரு போனுக்கும் உரிய அடையாள எண். IMEI என்று அடித்து, இடைவெளி விட்டு, அந்த 15 இலக்க எண்ணோடு தொலைத்தொடர்பு ஆணைக்குழுவின் 1909க்கு எஸ்.எம்.எஸ். அனுப்பினேன். பதிவில்லை என்று வந்தது. இந்த வருடம் ஜனவரி 29 முதல் பதிவில்லாத போனுக்கு உள்ளூர் சிம் வேலை செய்யாது என்று அறிவித்தார்கள். அதற்கு முந்தியே பாவனையில் இருந்தவை தப்பித்தன. இது எந்த வகை என்று வாங்குகிறவனுக்கு எப்படித் தெரியும்? எந்தக் கடையில் எடுத்தாலும் *#06# அடித்து எண்ணைப் பார்த்து, 1909க்கு அனுப்பி, பதில் வந்த பிறகே காசை எண்ணுங்கள். சும்மா விலை குறைத்துத் தர யாருக்கும் மனம் வராது.

ஐபோன் கூடாது என்று நான் சொல்லவில்லை. பழைய ஐபோனில் பெட்டரி செத்திருக்கும், டிஸ்ப்ளே மாற்றியிருப்பார்கள், 64 ஜிபி. படிக்கிற வேலைக்கு அந்தக் காசில் புது அண்ட்ரொய்ட் ஒன்று இரண்டு மடங்கு உழைக்கும். மிச்சமெல்லாம் ஸ்டைல். ஸ்டைலுக்கு அம்மா பேர் போடத் தேவையில்லை என்பது என் கட்சி.

ஒக்டோபர் 10, வெள்ளி

சம்பள நாள். எங்கள் தோட்டத்தில் அட்வான்ஸும் கொடுத்துவிட்டார்கள், 20,000. இனி மாதா மாதம் சம்பளத்தில் வெட்டுவார்கள்.

கடைக்கு ஒரு நல்ல பாவித்த போன் வந்திருந்தது. ஒரு வருடம்கூட ஓடவில்லை, பதிவும் இருக்கிறது, 26,000. நான் திறந்து பார்த்தாயிற்று, உள்ளே ஈரம் பட்ட அடையாளம் இல்லை. மலையில் இது முக்கியம். பனியும் மழையும் சார்ஜிங் போர்ட்டுக்குள் இறங்கி பச்சை பிடித்திருக்கும். கொழுந்து பறிக்கும்போது இடுப்பில் கட்டுகிற படங்குக்குள் வைத்த போன்களில் தேயிலைத் தூசு களிம்பாகி, உள்ளே இருக்கிற பின்களையே மூடியிருக்கும். தினமும் ஊசியால் கிண்டி, தின்னர் தொட்ட பிரஷ்ஷால் துடைப்பதுதான் என் வேலையில் பாதி. இந்தப் போன் சுத்தம். படம் எடுத்து அம்மாவிடம் காட்டினேன்.

"யாரு வித்தது?"

தெரியாது என்றேன்.

"காசில்லாம அழுதுகிட்டு வித்ததா இருக்கும். என் புள்ளைக்கு அது வேணாம்."

12,900 மிச்சம் என்று எவ்வளவோ சொன்னேன். அம்மா அசையவில்லை. புதுசு, பில், ஒரு வருட வொரண்டி. அவ்வளவுதான். அட்வான்ஸ் அவருடையது, அதனால் பேச்சை விட்டேன்.

ஒக்டோபர் 12, ஞாயிறு

லீவு கேட்டு வீட்டில் நின்றேன். போன் வாங்கும் முன் சிக்னல் பார்க்க வேண்டும். எங்கள் லயம் இரண்டு மேட்டுக்கு நடுவே மடிப்புக்குள் இருக்கிறது. டவர் அந்தப் பக்கத்து முகட்டில். எத்தனை ஆயிரத்துக்குப் போன் வாங்கினாலும் மலையை ஊடுருவி சிக்னல் வராது. பரீட்சைக்கு முந்திய படிப்பு விடுமுறையில் அவள் இங்கேதான் இருப்பாள்.

கூட்டாளிமாரிடம் வெவ்வேறு சிம்கள் வாங்கி ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன். இங்கே எல்லோரும் பாவிக்கிற சிம் வீட்டுக்குள் இரண்டு கோடு காட்டும், ஒரு இணையப் பக்கமும் திறக்காது. யாருமே பாவிக்காத ஒன்று தண்ணீர்த் தாங்கிக்குப் பக்கத்தில் வீடியோவே ஓட்டியது. வீட்டு ஜன்னலருகே குறிப்பு இறக்குகிற அளவுக்கு வருகிறது. இரட்டை சிம் போன் என்பதால் ஒன்றை டேட்டாவுக்கு மட்டும் வைக்கலாம்.

டேட்டா மாதம் ஆயிரத்துக்குக் கிட்ட வரும். அவளுக்கு மஹாபொல புலமைப்பரிசில் கிடைக்கிறது. இந்த வருட வரவு செலவுத் திட்டத்தில் 5,000இலிருந்து 7,500 ஆக்கினார்கள். அதில் சாப்பாடு, ஃபோட்டோகொப்பி, பஸ். டேட்டா அதற்கு மேலே. பெக்கேஜில் பாதி இரவு டேட்டா, நடுநிசிக்குப் பிறகுதான் ஓடும். பிள்ளைகள் 12 மணிக்கு அலாரம் வைத்து எழும்பி விரிவுரை வீடியோவை இறக்கிவிட்டுப் படுக்கிறார்களாம். போன் விலையைக் கேட்கிறவர்கள் இதைக் கேட்பதில்லை. மூன்று வருடப் படிப்பு என்றால் டேட்டா போனின் விலையையே எட்டிப் பிடித்துவிடும்.

ஒக்டோபர் 18, சனி

வாங்கியாயிற்று. ரெம் 4 ஜிபி, மெமரி 128. முதலாளி 37,000க்குத் தந்தார். அம்மாவின் அட்வான்ஸ் 20,000, என்னுடையது 10,000, தங்கச்சி மஹாபொலவில் மிச்சம் பிடித்தது 7,000. பின் கவரும் கிளாஸும் நான் போட்டேன். கிளாஸ் ஒட்டும்போது அம்மா மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு சின்னக் குமிழி நின்றுவிட்டது. "அது என்னா?" என்று கேட்டு, அதை வெளியே தள்ளும்வரை கடையை விட்டுப் போகவில்லை.

அப்பா கேட்டது ஒன்றுதான்: "டிக்டொக் இருக்கா இதுல?" இருக்கிறது என்றேன். அவர் போனிலும் இருக்கிறது, நான்தான் போட்டுக் கொடுத்தேன்.

ஒக்டோபர் 25, சனி

தீபாவளி முடிந்து அவள் கண்டி பஸ்ஸில் போய்விட்டாள். போகுமுன் அம்மாவின் சம்பளச் சீட்டைப் படம் பிடித்து, ஆங்கிலத்தில் இருந்த வெட்டுகளை ஒவ்வொன்றாகத் தமிழில் சொன்னாள். அம்மா மற்றவற்றைத் தள்ளிவிட்டு அட்வான்ஸ் எத்தனை மாதம் வெட்டுவார்கள் என்று மட்டும் கேட்டார்.

நேற்றிரவு தங்கச்சியிடமிருந்து செய்தி. பத்துப் பக்க ஒப்படை, அடிக்குறிப்போடு. போனில் தமிழில் அடிக்கலாம், ஆனால் அட்டவணையும் பக்க எண்ணும் சரியாக வரவில்லை. "அண்ணா, கடைக் கம்பியூட்டர்ல கொஞ்சம் சரி பண்ணித் தர ஏலுமா?" இன்று கடை பூட்டிய பிறகு செய்து அனுப்பினேன். போன் வாங்கினது சரிதான், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் எழுதுகிற வேலைக்கு அது பத்தாது. இரண்டாம் வருடம் இன்னும் நீளமாக எழுதச் சொல்வார்களாம்.

முதலாளியின் தம்பி பத்துப் பேரை வைத்து மாதம் 5,000 சீட்டு தொடங்குகிறார். நான்காவது சீட்டைக் கேட்டிருக்கிறேன். பாவித்த லெப்டொப் ஒன்றுக்குக் காணும். அதுவும் யாரோ விற்றதுதான் என்பதை அம்மாவிடம் எப்படிச் சொல்வதென்று இன்னும் யோசிக்கவில்லை.