‘எழுத ஒன்னும் இல்ல டீச்சர்’

மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் எங்கள் மாலை வகுப்புக்கு வரும் பிள்ளைகளிடம் உன்னைப் பற்றி எழுது என்றால், பாதிப் பேர் பெயர், வயது, பள்ளி என்று எழுதிவிட்டுப் பேனாவை மூடிவிடுவார்கள். கேட்டால், “எழுத ஒன்னும் இல்ல டீச்சர்” என்பார்கள். இதைச் சோம்பல் என்று நினைத்துவிடக் கூடாது. இடைநிலைப்பள்ளியில் அவர்களை அளக்கும் கோல் மதிப்பெண் ஒன்றுதான். அதில் பின்தங்கிய பிள்ளை, தன்னிடம் சொல்ல எதுவுமே இல்லை என்று நம்பத் தொடங்கிவிடுகிறது. தமிழ்ப்பள்ளியில் மேடையேறிக் கணீரென்று பேசியவர்கள்கூட, இடைநிலைப்பள்ளியில் மலாய் மொழிக்காக வைத்திருக்கும் புகுமுக வகுப்பில் ஓராண்டு இருந்துவிட்டு வரும்போது குரல் இறங்கிப் போய்விடுகிறார்கள்.

அதனால் தங்களைப் பற்றி எழுத அவர்கள் வைத்திருக்கும் குறிப்பேட்டுக்கு நான் கொடுப்பதெல்லாம் சின்னச் சின்னக் கேள்விகள். இன்றைக்கு என்ன செய்தாய்? அதில் யாரும் சொல்லாமல் நீயாகச் செய்தது எது? அதைச் செய்ய உனக்கு என்னென்ன தெரிய வேண்டியிருந்தது? இந்தக் கடைசிக் கேள்வியில்தான் விஷயமே இருக்கிறது.

படிவம் இரண்டில் படிக்கும் ஒரு பையன், “தம்பியை ஸ்கூலுக்குக் கிளப்பினேன்” என்று ஒரே வரி எழுதினான். அப்பா இருட்டோடு பெரட்டுக்கு, அதாவது தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்குப் போய்விடுவார். அம்மாவுக்குத் தொழிற்சாலையில் இரவு ஷிப்ட். கடைசிக் கேள்விக்கு வந்தபோது பக்கம் நிறைந்துவிட்டது. தம்பிக்கு மூச்சு இழுப்பு வந்தால் மருந்தை எப்படி அடிப்பது, எந்த மாதிரி மூச்சு விட்டால் பக்கத்து வீட்டு அத்தையைக் கூப்பிட வேண்டும், அழுகிற பிள்ளையை என்ன சொல்லிச் சமாதானப்படுத்துவது எல்லாம் அதில் இருந்தது. எழுதியதைத் தானே ஒருமுறை படித்துப் பார்த்துவிட்டு, “டீச்சர், இதெல்லாம் கணக்குல வருமா?” என்று கேட்டான். வரும் என்றேன். நீ கெட்டிக்காரன் என்று நான் ஆயிரம் முறை சொல்லியிருந்தாலும் அவன் சிரித்துவிட்டுப் போயிருப்பான். தன் கையெழுத்திலேயே இருப்பதை அப்படித் தள்ளிவிட முடியாது.

அமெரிக்காவில் ஜெஃப்ரி கோஹனும் அவருடைய குழுவினரும் 2006-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் தங்களுக்கு முக்கியமானது எது, ஏன் என்று வகுப்பிலேயே சுமார் 15 நிமிடம் எழுதினார்கள். அந்தப் பருவத்தில் கறுப்பின மாணவர்களின் மதிப்பெண் உயர்ந்தது. பிறகு வேறு பள்ளிகளில் செய்து பார்த்தபோது எல்லா இடத்திலும் அதே பலன் வரவில்லை. நான் மதிப்பெண்ணுக்காக இதைச் செய்யவில்லை. ஆனால் அந்த ஆய்வு பேசுகிற, நம்மை மட்டமாக நினைப்பார்களோ என்ற பயத்தோடு வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளையை எனக்கு நன்றாகத் தெரியும்.

தமிழும் மலாயும் கலந்து எழுதினாலும் சரி, எழுத்துப்பிழை இருந்தாலும் சரி, சிவப்பு மை படாது. மடித்து வைத்த பக்கத்தை நான் திறப்பதில்லை. ஆனால் படித்ததில் ஆபத்து ஏதும் தெரிந்தால் பள்ளி ஆலோசகரிடம் பேசியே ஆக வேண்டும் என்பதை முதல் நாளே சொல்லிவிடுவேன். 15999, அரசாங்கத்தின் தாலியான் காசே உதவித் தொலைபேசி எண், எல்லார் குறிப்பேட்டு அட்டையின் உள்பக்கத்திலும் இருக்கிறது.

மாதம் ஒருமுறை வீட்டுப் பெரியவர்களைக் கேட்டு எழுத வேண்டும். பள்ளிப் பாரத்தில் அப்பாவின் தொழில் என்ற கட்டத்தை எப்போதும் காலியாக விட்டுவிடும் ஒரு மாணவி, பாட்டியிடம் போய் உட்கார்ந்தாள். பாட்டி பால்மரம் வெட்டியவர்; ரப்பர் மரத்தில் பால் எடுக்கும் வேலை. வெள்ளைக்காரர்கள் தோட்டங்களை விற்க, வாங்கியவர்கள் அவற்றைத் துண்டு போட, லயத்து வரிசை வீடுகளில் இருந்தவர்கள் எங்கே போவதென்று தவித்த காலம் அது. இந்த ஊரில் பிறந்து அமைச்சராக இருந்த துன் சம்பந்தன் தோட்டம் தோட்டமாகப் போய்ப் பேசி, தொழிலாளர்களின் காசைச் சேர்த்துத் தோட்டங்களை வாங்க 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பாட்டியும் கூலியில் மிச்சம் பிடித்துப் பத்து வெள்ளி பத்து வெள்ளியாகக் கட்டிப் பங்கு வாங்கியிருக்கிறார்.

“என் பாட்டி தோட்டத்தில் வேலை செய்தவர் என்று மட்டும் நினைத்திருந்தேன். தோட்டத்துக்குச் சொந்தக்காரர்களில் அவரும் ஒருவர்” என்று அவள் எழுதியிருந்தாள்.

அதை வகுப்பில் படிக்கலாமா என்று அவளே கேட்டாள். படித்து முடித்ததும் பின்வரிசைப் பையன் ஒருவன், தன் தாத்தாவும் கட்டினாரா என்று எங்கே போய்க் கேட்கலாம் என்றான். முதலில் வீட்டில் பழைய காகிதங்களைத் தேடிப் பார், அப்புறம் சேர்ந்து விசாரிப்போம் என்று சொல்லியிருக்கிறேன்.