கையொப்பம் இல்லாத மென்பொருள் கெட்டுப்போன மென்பொருள் அன்று

இணையத்திலிருந்து இறக்கிய ஒரு சிறு செயலியை மேக் கணினியில் திறக்க முயலும்போது, ‘இது சேதமடைந்துள்ளது, திறக்க இயலாது, குப்பைத்தொட்டிக்கு நகர்த்துங்கள்’ என்ற அறிவிப்பு தோன்றுவதைப் பலர் கண்டிருப்பீர்கள். பெரும்பாலும் அந்தக் கோப்பில் ஒரு பைட்டுகூடக் கெட்டிருக்காது. அதை எழுதியவர் ஆண்டுக்கு 99 டாலர் செலுத்தி ஆப்பிளின் உருவாக்குநர் திட்டத்தில் சேரவில்லை. ஆகவே எழுதியவர் யாரென்று காட்டும், ஆப்பிள் ஏற்கும் மின்னணுக் கையொப்பம் அதில் இல்லை. ‘எழுதியவர் யாரென்று தெரியவில்லை’ என்பது உண்மை. ‘சேதமடைந்துள்ளது’ என்பது உண்மையன்று. என் வருத்தம் முழுவதும் இந்த இரண்டுக்கும் இடையே உள்ள வேறுபாட்டைப் பற்றியதே.

உலாவி எந்தக் கோப்பை இறக்கினாலும் அதன்மீது ‘குவாரன்டைன்’ என்னும் அடையாளத்தை இட்டுவிடுகிறது. முதன்முறை திறக்கும்போது மேக்கின் காவல் அம்சமான கேட்கீப்பர் அந்த அடையாளத்தைக் கண்டு கையொப்பத்தைச் சோதிக்கிறது. 2012இல் மேக் இயங்குதளத்தின் மவுன்டன் லயன் பதிப்புடன் கேட்கீப்பர் வந்தபோது, எங்கிருந்து வந்த செயலியையும் அனுமதிக்கும் தெரிவு அமைப்புகளிலேயே இருந்தது. 2016இல் சியரா பதிப்பில் அது கண்ணிலிருந்து மறைக்கப்பட்டது. 2019இல் கேட்டலினா பதிப்பு வந்தபின் கையொப்பம் மட்டும் போதாமல், செயலியை ஆப்பிளுக்கு அனுப்பித் தானியங்கிச் சோதனையில் தேறி ‘நோட்டரைசேஷன்’ என்னும் ஒப்புதல் பெறவேண்டும் என்றாயிற்று. அதன்பிறகும், கண்ட்ரோல் விசையை அழுத்தியபடி சொடுக்கித் திறக்கும் எளிய வழி ஒன்று எஞ்சியிருந்தது. 2024இல் செக்கோயா பதிப்பு அதையும் நீக்கியது. இப்போது எச்சரிக்கையை மூடிவிட்டு, அமைப்புகளில் தனியுரிமை, பாதுகாப்புப் பக்கத்தின் அடிப்பகுதிக்குச் சென்று, ஏறத்தாழ ஒரு மணிநேரம் மட்டுமே காட்டப்படும் பொத்தானைத் தேடி அழுத்தி, கடவுச்சொல்லையும் இடவேண்டும். கணினியில் அதிகம் பழகாத ஒருவர் இந்த வழியைத் தாமாகக் கண்டுபிடிப்பார் என்று நான் நம்பவில்லை.

பாதுகாப்பே வேண்டாம் என்பது என் வாதமன்று. கண்ட்ரோல் விசை வழியைத் தீநிரல் பரப்புவோர் தங்கள் நிறுவல் சாளரத்திலேயே படம் வரைந்து காட்டி ஏமாற்றிவந்ததை நான் மறுக்கவில்லை. ஆனால் கையொப்பம் எதற்கு உறுதியளிக்கிறது என்பதில் தெளிவு வேண்டும். 2016 மார்ச்சில் டிரான்ஸ்மிஷன் என்னும் கோப்புப் பகிர்வுச் செயலியின் சொந்தத் தளத்திலேயே கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் கெரேஞ்சர் என்னும் பணயத் தீநிரல் கலந்த பதிப்பு இடம்பெற்றது. கையொப்பமிட ஆப்பிள் வழங்கும் சான்றிதழ், செல்லுபடியாகும் நிலையில், அதில் இருந்ததால் கேட்கீப்பர் அதைத் தடுக்கவில்லை. 2020இல் ஃபிளாஷ் பிளேயர் புதுப்பிப்பு போல் வேடமிட்ட ஷ்லேயர் என்னும் தீநிரல், நோட்டரைசேஷன் சோதனையிலும் தேறியது. இரண்டு முறையும் ஆப்பிள் சான்றிதழை ரத்து செய்தது. தீங்கு தெரியவந்ததும் ஒரே அடியில் நிறுத்த முடிவதுதான் இந்த முறையின் மெய்யான பயன். நன்மை தீமையை முன்கூட்டியே பிரித்தறியும் ஆற்றல் அதற்குக் குறைவு.

விண்டோஸில் சுமை வேறுவிதமானது. அங்கே ஸ்மார்ட்ஸ்கிரீன் என்னும் காவல் அம்சம், பலர் தீங்கின்றிப் பயன்படுத்துவதால் சேரும் நற்பெயரைப் பார்க்கிறது. கையொப்பமற்ற கோப்பில் அந்த நற்பெயர் குறிப்பிட்ட அந்தக் கோப்புக்கே உரியது என்பதால், ஒரு பிழையைத் திருத்திப் புதிய பதிப்பை வெளியிட்டவுடன் எல்லாம் முதலிலிருந்து தொடங்குகிறது. அடிக்கடி திருத்தி வெளியிடும் பொறுப்பான உருவாக்குநருக்கே இதனால் இழப்பு அதிகம். சான்றிதழ் வாங்கலாமென்றால், 2023 ஜூன் முதல் கையொப்பமிட உதவும் அதன் மறைவிசையைப் பாதுகாப்பான வன்பொருளில்தான் வைத்திருக்கவேண்டும் என்ற விதியும் சேர்ந்துகொண்டது.

தடையைக் கடக்க இயலாத சிறு உருவாக்குநர்கள், குவாரன்டைன் அடையாளத்தை நீக்கும் கட்டளையை டெர்மினல் என்னும் கட்டளைச் சாளரத்தில் ஒட்டுமாறு தம் பயனர்களிடம் சொல்கிறார்கள். பொருள் புரியாத கட்டளையை ஒட்டிப் பழகியவரிடம் நாளை ஒரு திருடனும் அதையே சொல்வான். இன்றைய தீநிரல்களில் சில ஏற்கெனவே அப்படித்தான் பரவுகின்றன.

இணையதளங்களின் பாதுகாப்பான இணைப்புக்கான சான்றிதழும் ஒருகாலத்தில் பெரும்பாலும் காசுக்கே கிடைத்தது. 2015 இறுதியில் லெட்ஸ் என்க்ரிப்ட் என்னும் சேவை அதை எல்லோருக்கும் இலவசமாக வழங்கத் தொடங்கியது. மென்பொருள் கையொப்பத்துக்கு ஆளின் அடையாளத்தைச் சரிபார்க்கவேண்டும், அதற்குச் செலவுண்டு என்பதை ஏற்கிறேன். இருந்தும் விண்டோஸுக்கான திறமூல மென்பொருள்களுக்கு சைன்பாத் அறக்கட்டளை இலவசமாகக் கையொப்பமிட்டுத் தருகிறது. மேக்கில் அப்படி ஒருவர் உதவ முன்வந்தாலும் பயனில்லை. ஆப்பிள் தானே வழங்கிய சான்றிதழைத் தவிர வேறெவருடையதையும் கேட்கீப்பர் ஏற்பதில்லை. ஆப்பிளின் 99 டாலர் கட்டணத்திலிருந்து விலக்கும் தகுதியுள்ள நாடுகளின் இலாபநோக்கற்ற அமைப்புகள், கல்வி நிறுவனங்கள், அரசு அமைப்புகளுக்கு மட்டுமே உண்டு. இலவசச் செயலி எழுதும் தனிமனிதருக்கும் அதை நீட்டித்து, அதுவரையிலாவது ‘சேதமடைந்துள்ளது’ என்ற சொல்லை அந்த அறிவிப்பிலிருந்து எடுத்துவிடவேண்டும்.